ஊர் பேர் தெரியாத தாத்தாக்கள்: அயர்லாந்து வேரைத் தேடிப் போகும் வழி

1892, ஜனவரி 1. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு குடியேற்ற மையம் திறக்கப்பட்ட நாள். அன்று முதல் ஆளாகப் பதிவு செய்யப்பட்டவர், ஆனி மூர் என்ற அயர்லாந்துப் பெண். ‘நெவாடா’ கப்பலில் அந்தோணி, பிலிப் என்ற இரண்டு தம்பிகளோடு வந்திருந்தார். அதிகாரிகள் வரவேற்று, 10 டாலர் தங்கக் காசு பரிசளித்தார்கள். எல்லிஸ் தீவிலும், அவர் கப்பல் ஏறிய கோவ் துறைமுகத்திலும் பிற்காலத்தில் அவருக்குச் சிலை வைத்தார்கள்.

சரி, அதன் பிறகு ஆனி என்ன ஆனார்?

டெக்சாஸுக்குப் போனார், 1923-ல் ஒரு விபத்தில் இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். அந்தக் குடும்பத்தின் வாரிசுகள் விழாக்களுக்குக்கூட அழைக்கப்பட்டார்கள். மேகன் ஸ்மோலன்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைப் புரட்டியபோது ஒரு விஷயம் இடித்தது. டெக்சாஸ் ஆனி மூர் பிறந்ததே அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில்! அயர்லாந்தில் பிறக்காதவர் எப்படி அங்கிருந்து கப்பலில் வந்திருக்க முடியும்?

2006-ல் உண்மை வெளியே வந்தது. நிஜ ஆனி மூர் நியூயார்க்கை விட்டு எங்கும் போகவில்லை. மன்ஹாட்டனின் ஏழைக் குடியிருப்புப் பகுதியிலேயே வாழ்ந்து, திருமணம் செய்து, பல பிள்ளைகளைப் பெற்று, சிலரைப் பறிகொடுத்து, 1924-ல் இறந்திருந்தார். அடக்கம் செய்த இடத்தில் ஒரு கல்கூட இல்லை. 2008-ல்தான் கல்லறைக் கல் வைத்தார்கள்.

சிலை வைக்கப்பட்ட பெண்ணின் கதையே இப்படி மாறிப்போகும் என்றால், பெயர் மட்டுமே மிச்சமிருக்கும் ஒரு சாதாரண கூலித் தொழிலாளியை நூறு, நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து எப்படித் தேடுவது? இன்று அமெரிக்காவில் மட்டும் 3 கோடிக்கும் மேற்பட்டவர்கள் தங்களுக்கு அயர்லாந்து வேர் இருப்பதாகச் சொல்கிறார்கள். கனடா, ஆஸ்திரேலியா, இங்கிலாந்தில் இருப்பவர்கள் தனிக்கணக்கு. அவர்களில் பலருடைய தேடல் ஒரே இடத்தில் முட்டி நின்றுவிடுகிறது: “அயர்லாந்து சரி... அதில் எந்த ஊர்?”

உருளைக்கிழங்கு அழுகியபோது...

1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தின் மக்கள்தொகை சுமார் 82 லட்சம். ஏழைகளில் பெரும்பாலானோருக்கு மூன்று வேளையும் உருளைக்கிழங்குதான் சோறு. 1845-ல் ஒரு பூஞ்சை போன்ற நோய் பயிரைத் தாக்கியது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் விளைச்சல் மண்ணுக்குள்ளேயே அழுகியது. 1852 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் பசியாலும் காய்ச்சலாலும் இறந்தார்கள். 10 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கப்பல் ஏறினார்கள். அந்தத் தீவு முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், இன்றைய மக்கள்தொகை 1841-ன் எண்ணிக்கையை இன்னும் எட்டவில்லை.

அப்படிப் போனவர்களிடம் பாஸ்போர்ட் கிடையாது. பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கால அமெரிக்கக் கப்பல் பட்டியலில் பெயர், வயது, தொழில், நாடு... அவ்வளவுதான். நாடு என்ற இடத்தில் ‘அயர்லாந்து’ என்று ஒரே வார்த்தை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ மட்டுமே. கட்டணம் குறைவு என்பதால் கனடாவில் இறங்கி, அங்கிருந்து எல்லை தாண்டி அமெரிக்கா வந்தவர்களும் ஏராளம். அவர்களுக்கு அமெரிக்கத் துறைமுகத்தில் அந்த ஒற்றை வரிகூட இருக்காது.

அயர்லாந்தில் ‘டவுன்லேண்ட்’ என்றொரு பிரிவு உண்டு. பெயரில் டவுன் இருந்தாலும், நம் குக்கிராமம் மாதிரி மிகச் சிறியது. நாடு முழுக்க இப்படி 60,000-க்கும் மேல் இருக்கின்றன. பல டவுன்லேண்டுகள் சேர்ந்தது ஒரு பங்கு. நம்மூர் கத்தோலிக்கக் குடும்பங்களில் “நீங்க எந்தப் பங்கு?” என்று கேட்பார்களே, அதே பங்குதான். பல பங்குகள் சேர்ந்தது ஒரு கவுண்டி. கவுண்டிகள் மொத்தம் 32.

மர்ஃபி, கெல்லி, சல்லிவன் மாதிரியான குடும்பப் பெயர்கள் அங்கே தடுக்கி விழுந்தால் தட்டுப்படும். “என் முன்னோர் பேட்ரிக் மர்ஃபி, ஊர் கார்க் கவுண்டி” என்று தேடினால் நூற்றுக்கணக்கான பேட்ரிக் மர்ஃபிகள் வந்து நிற்பார்கள். இவர்தான் அவர் என்று உறுதி செய்ய, பங்கின் பெயர் கட்டாயம் தேவை. ஏனென்றால், பிறப்பும் திருமணமும் எழுதப்பட்டது அந்தப் பங்கின் கோயில் நோட்டில்தான்.

எரிந்துபோன ஆவணங்கள்

“அரசாங்கத்தில் ஏதாவது பதிவு இருக்குமே?” என்று கேட்கலாம். இருந்தது. 1922-ல் அயர்லாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டபோது, டப்ளினின் ‘ஃபோர் கோர்ட்ஸ்’ நீதிமன்ற வளாகத்தில் சண்டை நடந்தது. ஜூன் 30 அன்று பெரிய வெடிப்பு ஏற்பட்டு, வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் எரிந்தது. சுமார் 700 ஆண்டு கால ஆவணங்கள் போயின. கருகிய காகிதங்கள் டப்ளின் வானத்தில் பறந்து விழுந்தன.

1821 முதல் 1851 வரையிலான நான்கு கணக்கெடுப்புகளின் தாள்களில் பெரும்பகுதி அந்தத் தீயில் எரிந்தது. அடுத்த நான்கு? 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை அரசாங்கமே முன்னதாக அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர் காலத்தில் கூழாக்கப்பட்டன. ஆக, முழுமையாகக் கிடைக்கும் மிகப் பழைய கணக்கெடுப்பு 1901-க்குரியது. பஞ்சத்தில் புறப்பட்டவர்கள் அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே போய்விட்டார்களே!

ஆனால், கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகள் டப்ளினுக்கு அனுப்பப்படவே இல்லை. அரசு அங்கீகாரம் பெற்றிருந்த சபை ‘சர்ச் ஆஃப் அயர்லாந்து’ என்ற புராட்டஸ்டன்ட் சபை. அதன் பதிவேடுகள் அரசு ஆவணங்களாகக் கருதப்பட்டுக் காப்பகத்துக்குப் போயின. பாதிக்கும் மேல் எரிந்தும் போயின. அரசாங்கம் கண்டுகொள்ளாத கத்தோலிக்க ஏழைகளின் நோட்டுகள் அந்தந்த ஊர்ச் சாமியாரின் அலமாரியிலேயே கிடந்ததால் தப்பித்தன. அயர்லாந்து தேசிய நூலகம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் பதிவேடுகளைப் படமெடுத்து, 2015-ல் இணையத்தில் இலவசமாகவே போட்டுவிட்டது.

பூட்டு திறந்துதான் இருக்கிறது. எந்த அறைக்குள் போவது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் பங்கின் பெயர்.

தேடல் அயர்லாந்தில் தொடங்கக் கூடாது!

அனுபவமுள்ள ஆய்வாளர்கள் எல்லோரும் சொல்லும் முதல் பாடம் இது. ஊரின் பெயர் பெரும்பாலும் அவர் போய்ச் சேர்ந்த நாட்டில்தான் ஒளிந்திருக்கும். எங்கெல்லாம் பார்க்கலாம்?

கல்லறை: “இன்ன கவுண்டி, இன்ன பங்கைச் சேர்ந்தவர்” என்று கல்லில் செதுக்கும் வழக்கம் அயர்லாந்துக்காரர்களிடம் பரவலாக இருந்தது. வாழ்நாள் முழுக்க வேறு நாட்டில் உழைத்தவர்கள், கடைசியில் சொந்த ஊரின் பெயரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார்கள்.

பத்திரிகை விளம்பரம்: பாஸ்டனில் வெளிவந்த ‘தி பைலட்’ என்ற கத்தோலிக்கப் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை ‘காணாமல் போன நண்பர்கள்’ என்ற பகுதி வந்தது. அண்ணனைத் தேடும் தங்கை, ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பாத கணவனைத் தேடும் மனைவி, மகனைத் தேடும் தாய் என்று வாராவாரம் விளம்பரம் கொடுத்தார்கள். ஆளை அடையாளம் காட்ட வேண்டுமே... அதனால் சொந்தப் பங்கு, கவுண்டி, கப்பல் ஏறிய ஆண்டு, கடைசியாகப் பார்த்த இடம் எல்லாவற்றையும் எழுதினார்கள். அதில் எத்தனை பேர் ஒன்று சேர்ந்தார்களோ! பாஸ்டன் கல்லூரி இந்த விளம்பரங்களைத் தொகுத்து இணையத்தில் வைத்திருக்கிறது.

வங்கிக் கணக்கு: குடியேறியவர்களின் சேமிப்புக்காக 1850-ல் நியூயார்க்கில் ‘எமிகிரன்ட் சேவிங்ஸ் பேங்க்’ தொடங்கப்பட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத வாடிக்கையாளர் பணம் எடுக்க வந்தால், அவர்தான் கணக்குக்காரர் என்று எப்படி உறுதி செய்வது? கணக்குத் தொடங்கும்போதே பிறந்த ஊர், பெற்றோர் பெயர், உடன்பிறந்தவர்கள், வந்த கப்பல், வந்த ஆண்டு எனக் கேட்டு எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்று வங்கிகள் கேட்கும் “உங்கள் அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன?” என்ற பாதுகாப்புக் கேள்வியின் தாத்தா என்று சொல்லலாம். அந்தப் பேரேடுகள் இப்போது நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன.

பக்கத்து வீட்டுக்காரர்: நேர் முன்னோரின் ஆவணத்தில் ஊர் இல்லையா? தம்பி, தங்கை, மச்சான், திருமணச் சாட்சி, பிள்ளைகளின் ஞானப்பெற்றோர் என்று சுற்றி இருந்தவர்களைத் தேடுங்கள். ஒரே ஊர்க்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒரே தெருவில் குடியேறுவது அன்று வழக்கம். முதலில் வந்தவர் அனுப்பும் பணத்தில் அடுத்தவருக்கு டிக்கெட். ஆகவே, பக்கத்து வீட்டுக்காரரின் ஊர் உங்கள் தாத்தாவின் ஊராகவும் இருக்கக்கூடும். நிஜ ஆனி மூரின் குடும்பத்தை அடைய உதவியதும் அவரது தம்பி பிலிப்பின் குடியுரிமைச் சான்றிதழ்தான்.

இந்த ஆவணங்கள் எதுவும் பேரப்பிள்ளைகளுக்காக எழுதப்பட்டவை அல்ல. வங்கி தன் பணத்தைப் பாதுகாக்க எழுதியது, மனைவி தன் கணவனைக் கண்டுபிடிக்க எழுதினாள். அதனால், “என் தாத்தா பெயர் எங்கே இருக்கும்?” என்பதைவிட, “அந்தக் காலத்தில் அவரைப் பற்றி யாருக்குத் தெரிய வேண்டியிருந்தது?” என்று கேட்டுப் பார்த்தால் பல கதவுகள் தெரியும்.

கடல் தாண்டிய பிறகு...

பங்கின் பெயரோ, குறைந்தது கவுண்டியின் பெயரோ கிடைத்துவிட்டதா? இனி அயர்லாந்துக்குப் போகலாம். டிக்கெட் வேண்டாம், மொபைல் போதும்.

முதலில் ‘கிரிஃபித்ஸ் வேல்யூவேஷன்’. 1847 முதல் 1864 வரை, வரி விதிப்பதற்காக நாடு முழுக்க எடுக்கப்பட்ட நில மதிப்பீடு. ஒவ்வொரு டவுன்லேண்டிலும் வீடோ நிலமோ யார் கையில் இருந்தது, அதை யாரிடம் குத்தகைக்கு எடுத்தார், பரப்பு எவ்வளவு, மதிப்பு எவ்வளவு என்று விவரம் இருக்கும். கூடவே வரைபடம். பட்டியலில் உள்ள எண்ணை வரைபடத்தில் தேடினால், அந்த நிலம் எங்கே இருந்தது என்றே காட்டிவிடும். ஆனால், குடும்பத் தலைவரின் பெயர் மட்டும்தான் இருக்கும். மனைவி, பிள்ளைகள் இருக்க மாட்டார்கள்.

அடுத்து, தேசிய நூலகத்தில் உள்ள பங்குப் பதிவேடுகள். பெரும்பாலானவை 1880 வரை இருக்கின்றன. மேற்குப் பகுதியின் ஏழைப் பங்குகளில் பதிவுகள் 1820-களுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன என்பதையும் மனதில் வையுங்கள். 1864-லிருந்து பிறப்பு, இறப்பு, திருமணம் அனைத்தும் அரசுப் பதிவில் உண்டு. ‘ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ’ என்ற அரசுத் தளத்தில் இலவசம்.

1901, 1911 கணக்கெடுப்புத் தாள்களைத் தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் பார்க்கலாம். தாத்தா எப்போதோ போயிருந்தாலும், ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் குடும்பம் அதில் இருக்கலாம். 1911 தாளில் மணமான பெண்களிடம் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: எத்தனை பிள்ளைகள் பிறந்தன, எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் இருக்கும் அந்த இரண்டு எண்களை வெறும் எண்களாக யாராலும் கடக்க முடியாது.

இன்னொரு சுவாரஸ்யம், முதியோர் பென்ஷன். 1909 ஜனவரியில் 70 வயதானவர்களுக்கு அரசு பென்ஷன் வந்தது. வயதுக்கு ஆதாரம் எங்கே போவது? அவர்கள் பிறந்தபோது பிறப்புப் பதிவே கிடையாது. அதனால், 1841, 1851 கணக்கெடுப்புகளில் தங்கள் பெயரைத் தேடித் தரும்படி விண்ணப்பித்தார்கள். அதிகாரிகள் டப்ளின் காப்பகத்தில் தேடி, கிடைத்த விவரங்களை விண்ணப்பத்திலேயே குறித்தார்கள். பிறகு மூலத் தாள்கள் எரிந்துபோயின. ஆனால், அந்த விண்ணப்பங்கள் பிழைத்தன! பாட்டி பென்ஷன் கேட்டதால், அவருடைய அப்பா, அம்மா, ஊர் விவரங்கள் தீயிலிருந்து தப்பின.

பெயரில் இருக்கும் பொறிகள்

பதிவேட்டைத் திறந்ததும் பலர் குழம்புவார்கள். ஜேம்ஸைத் தேடினால் ‘ஜகோபஸ்’ என்று இருக்கும். வில்லியம், ‘குலியெல்முஸ்’ ஆகியிருப்பார். பல சாமியார்கள் லத்தீனில் எழுதியதுதான் காரணம். வீட்டில் பிரிட்ஜெட், அமெரிக்காவில் டீலியா. இருவரும் ஒருவரே! அயர்லாந்து மொழியில் டியர்மிட் என்று இருந்தவர் ஆங்கிலத்தில் ஜெரமையா ஆகிவிடுவார். ‘ஓ ரெய்லி’ குடும்பம் ‘ஓ’வை விட்டுவிட்டு வெறும் ரெய்லியாக வாழ்ந்திருக்கும்.

ஊர்ப் பெயர்களும் மாறியிருக்கின்றன. பழைய ஆவணத்தில் ‘கிங்ஸ் கவுண்டி’ என்றிருந்தால், இன்றைய ஆஃபலி. ‘குயீன்ஸ் கவுண்டி’ இன்றைய லீஷ். ‘குயீன்ஸ்டவுன்’ துறைமுகம்தான் இன்றைய கோவ்.

உதவிக்கு ஒரு வழக்கமும் இருக்கிறது. முதல் மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர். முதல் மகளுக்கு அம்மாவழிப் பாட்டி பெயர், இரண்டாவது மகளுக்கு அப்பாவழிப் பாட்டி பெயர். தாத்தா பெயரைத் தாங்குவதால் ‘பெயரன்’ என்று சொல்லும் நமக்கு இதை விளக்கவே வேண்டாம். எல்லாக் குடும்பங்களும் இதைப் பின்பற்றவில்லை. ஆனாலும், பிள்ளைகளின் பெயர் வரிசை ஒரு நல்ல துப்பு.

வயதை மட்டும் அப்படியே நம்பிவிடாதீர்கள். தங்கள் பிறந்த தேதியே சரியாகத் தெரியாதவர்கள் அதிகம். ஆனி மூருக்கு அன்று 15 வயது என்று நீண்ட காலம் சொல்லப்பட்டது, உண்மையில் 17.

ஒபாமாவின் ஊர்

அரிதான பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். ஒபாமாவுக்கு அது வாய்த்தது. அவருடைய அம்மா வழியில், கொள்ளுத் தாத்தாவுக்கும் தாத்தா ஒருவர் இருந்தார். பெயர் ஃபால்மத் கியர்னி. பேட்ரிக், ஜான் என்று இருந்திருந்தால் கூட்டத்தில் காணாமல் போயிருப்பார். ‘ஃபால்மத்’ என்ற பெயர் அவரைத் தனியாக நிறுத்தியது. அந்தத் தேடலிலும் மேகன் ஸ்மோலன்யாக்கின் பங்கு இருந்தது. தடயங்கள் ஆஃபலி கவுண்டியில் உள்ள மனிகால் என்ற சிற்றூரைக் காட்டின.

கியர்னி குடும்பம் சர்ச் ஆஃப் அயர்லாந்தைச் சேர்ந்தது. பாதிக்கும் மேல் எரிந்துபோன அதே சபைப் பதிவேடுகள்! நல்லவேளை, அந்தப் பங்கின் நோட்டு தப்பியிருந்தது. 2007-ல் ஸ்டீபன் நீல் என்ற போதகர் அதைப் புரட்டிக் கியர்னி குடும்பத்தின் பதிவுகளை எடுத்துக் கொடுத்தார். ஃபால்மத்தின் அப்பா ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளி. மகன் 1850-ல், பஞ்சத்தின் நடுவே, அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறியிருக்கிறார்.

2011 மே 23-ல் அமெரிக்க அதிபராக ஒபாமா மனிகாலுக்கு வந்தார். சுமார் 300 பேர் வசித்த ஊர் அது. தூரத்து உறவினர்களைச் சந்தித்தார், ஊர் மதுக்கடையில் ஒரு கோப்பை கின்னஸ் குடித்தார். இப்போது அந்த ஊர் அருகே நெடுஞ்சாலையில் ‘பராக் ஒபாமா பிளாசா’ என்று ஒரு பெட்ரோல் பங்க் வளாகமே இருக்கிறது. ஒரு பழைய கோயில் நோட்டு செய்த வேலை!

அவசரம் வேண்டாம்

இணையத்தில் யாரோ போட்ட குடும்ப மரத்தை அப்படியே எடுத்துக்கொள்வது இன்று நிறைய நடக்கிறது. ஒருவர் செய்த தவறை நூறு பேர் நகல் எடுத்தால் அது உண்மை போலவே தோன்றும். டெக்சாஸ் ஆனி மூர் கதை அப்படித்தான் நிலைத்தது. பெயர் மட்டும் பொருந்தினால் போதாது. ஊர், பெற்றோர், உடன்பிறந்தவர்கள், காலம் ஆகியவற்றில் இரண்டு, மூன்றாவது ஒத்துப்போக வேண்டும். டி.என்.ஏ. பரிசோதனை தூரத்து உறவினர்களைக் காட்டும். அவர்களுக்குத் தங்கள் ஊர் தெரிந்திருந்தால் உதவும். ஆனால், எச்சில் மாதிரி பங்கின் பெயரைச் சொல்லிவிடாது.

பங்கு தெரிந்த பிறகு, உள்ளூர்க்காரர்களிடமும் கேட்கலாம். ‘அயர்லாந்து ரீச்சிங் அவுட்’ என்ற அமைப்பில் பங்கு வாரியாகத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். “உங்கள் தாத்தா வீடு இருந்த இடம் அந்த வளைவுக்குப் பின்னால்” என்று வழிகாட்டும் அளவுக்கு ஊரை அறிந்தவர்கள் அவர்கள்.

கடைசியில் என்ன கிடைக்கும்? பலருக்கு ஒரு வயல், இடிந்த கல் சுவர், கோயில் நோட்டில் ஒரு வரி. தாத்தா அல்லது பாட்டி அயர்லாந்தில் பிறந்தவர் என்றால், அந்நாட்டுக் குடியுரிமை கோரவும் வழி உண்டு. பஞ்ச காலத்தில் போனவர்களின் வாரிசுகளுக்கு அந்தச் சலுகை எட்டாது, தலைமுறைகள் கடந்துவிட்டன. ஆனாலும் தேடுகிறார்கள். பசியோடு ஊரை விட்டுப் போனவர் ‘அயர்லாந்து’ என்ற ஒற்றை வார்த்தையாக முடிந்துவிடக் கூடாது, இந்த அப்பா அம்மாவுக்குப் பிறந்தவர், இந்தக் கோயிலில் பெயர் சூட்டப்பட்டவர் என்று சொல்ல ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத் தேடுகிறார்கள்.

இவ்வளவு ஆவணங்களையும் தாண்டி, இந்தத் தேடலில் ஈடுபட்டவர்கள் அடிக்கடி சொல்லும் வருத்தம் ஒன்று உண்டு: “பாட்டி இருக்கும்போதே கேட்டிருக்கலாம்.” உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் அவர்களுடைய பாட்டியின் ஊரையும், அந்த ஊருக்கு எந்த வழியாகப் போவார்கள் என்பதையும் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டுப் பாருங்கள். போன் கையில்தானே இருக்கிறது... அப்படியே ரெக்கார்டும் செய்துவிடுங்கள்.